பழைய மடிக்கணினிக்குப் பதில் எதை வாங்குவது?

புக்கிட் பெலண்டோக் பக்கத்துத் தோட்டமொன்றில் செம்பனை உதிரிப் பழம் பொறுக்கும் ஓர் அம்மாள் ஒரு கேள்வி கேட்டிருந்தார். 2020 மார்ச் 18-ஆம் நாள் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது, பிள்ளைகள் வீட்டிலிருந்தே படிக்க வேண்டியதாயிற்று அல்லவா? அப்போது உறவினர் ஒருவர் தாம் பயன்படுத்திய மடிக்கணினியை இவர் வீட்டுக்குக் கொடுத்தாராம். இப்போது அதைத் திறந்தால் அடுப்பில் உலை கொதிக்கும் நேரம் ஆகிறது, திரை வர. மின்கம்பியைக் கழற்றினால் உடனே அணைந்து போகிறது. மகள் ஆறாம் படிவத்தில் படிக்கிறாள். "கையில் போனஸ் காசு இருக்கிறது ஐயா, ஒருமுறைதான் வாங்க முடியும். எதை வாங்கட்டும்?" என்று கேட்டார்.

ஒருமுறைதான் வாங்க முடியும் என்ற அந்தச் சொல்லை மனத்தில் வைத்தே பேசுகிறேன். வசதி உள்ளவர் தவறாக வாங்கினால் வேறொன்று வாங்கிக்கொள்வார். நம் வீடுகளில் அப்படி இல்லை.

முதலில், பழையது உண்மையாகவே முடிந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். மின்கம்பி இல்லாமல் அணைந்து போவது பெரும்பாலும் பேட்டரியின் குறை. லித்தியம் பேட்டரி நாலைந்து வருடம் உழைத்துவிட்டுத் தளர்ந்து போவது இயல்புதான். அதை மட்டும் மாற்றலாம். மெதுவாகத் திறப்பதற்குக் காரணம் வேறு. பழைய கணினிகள் பலவற்றுள் சேமிப்புத் தட்டு என்ற ஒன்று இசைத்தட்டைப் போலச் சுழன்றுகொண்டிருக்கும். காதை வைத்துக் கேட்டால் மெல்லிய உறுமல் கேட்கும். அதை எடுத்துவிட்டு, அசையும் உறுப்பே இல்லாத எஸ்.எஸ்.டி. என்னும் புதுவகைச் சேமிப்பைப் பொருத்தினால், அதே கணினி மறுபடி இளமையாகிவிடும். புதியதன் விலையில் இது சிறு பங்குதான்.

ஆனால் ஒரு தடை இருக்கிறது. விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்துக்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் கொடுத்து வந்த இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு நின்றன. பதிவு செய்துகொள்பவர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு உண்டு என்று அறிவித்தார்கள். திருத்தம் நின்ற கணினி மறுநாளே படுத்துவிடாது, ஓடிக்கொண்டுதான் இருக்கும். தாழ்ப்பாள் கழன்ற கதவு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். வங்கிக் கணக்கை அதில் திறப்பது நல்லதல்ல. அடுத்து வந்த விண்டோஸ் 11 எல்லாப் பழைய கணினிகளையும் ஏற்றுக்கொள்வதில்லை. இன்டெல் செயலி என்றால், ஏறக்குறைய, எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கும். அந்தத் தலைமுறை 2017-இல் வெளிவரத் தொடங்கியது. அதற்கும் முந்திய கணினியில் வீட்டுப்பாடம் எழுதுவது மட்டுமே வேலை என்றால், லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளத்தை யாராவது தெரிந்த இளைஞரைக் கொண்டு போட்டுக்கொள்ளலாம். பள்ளியில் கேட்கும் மென்பொருள் அதில் ஓடுமா என்று ஆசிரியரை முன்னதாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால்?

கடையில் பளபளவென்று அடுக்கியிருக்கும் மிக மலிவான புதுக் கணினியை விட, அலுவலகங்கள் சில வருடம் பயன்படுத்திவிட்டுக் கழித்த நல்ல கணினி மேல் என்பது என் கருத்து. லெனோவோவின் திங்பேட், டெல்லின் லாடிடியூட், எச்பியின் எலைட்புக் ஆகியவை அலுவலக உழைப்புக்கென்றே செய்யப்பட்டவை. கீல் உறுதியாக இருக்கும். பல மாதிரிகளில் அடிமூடியைத் திறந்து பேட்டரியையும் சேமிப்பையும் மாற்றலாம். மலிவான புதுக் கணினிகள் சிலவற்றிலோ நினைவகமும் சேமிப்பும் பலகையோடு பலகையாகப் பற்றவைத்திருப்பார்கள். இ.எம்.எம்.சி. 64 என்று சீட்டில் போட்டிருந்தால் அது மிகச் சிறிய, மெதுவான சேமிப்பு. விண்டோஸ் திருத்தங்களே அதை நிரப்பிவிடும். பிறகு கூட்டவும் வழியில்லை.

இங்கே நினைவகம், சேமிப்பு என்னும் இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். சேமிப்பு என்பது வீட்டு அரிசித் தொட்டி. நினைவகம் என்பது முறம். தொட்டி எவ்வளவு பெரிதாக இருந்தாலும், முறம் கையளவு என்றால் ஒரு பிடி ஒரு பிடியாகத்தானே புடைக்க முடியும்? நினைவகம் எட்டு ஜிபிக்குக் குறையாமலும், சேமிப்பு எஸ்.எஸ்.டி.யாக 256 ஜிபிக்குக் குறையாமலும் இருக்கட்டும். 2025-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நினைவகச் சில்லுகளின் விலை உலகெங்கும் ஏறியது. ஆகவே பழைய விலையை நம்பிப் போகாமல் இரண்டு மூன்று இடங்களில் விசாரியுங்கள்.

"ஐ7 போட்டிருக்கிறது" என்று விற்பவர் பெருமையாகச் சொல்வார். அதில் மயங்க வேண்டாம். அதன் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள். ஐ5-க்குப் பிறகு 8250 என்றிருந்தால் முதல் இலக்கமான எட்டுதான் தலைமுறை. 10210 என்றிருந்தால் பத்தாம் தலைமுறை. 4600 என்று தொடங்கினால் அது நான்காம் தலைமுறை. ஐ7 என்றாலும் விண்டோஸ் 11-க்கு ஆகாது. மகளையே ஒரு துண்டுத் தாளில் இந்த எண்ணை எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

கடைக்குப் போகும்போது அவசரப்படாமல், அரை மணி நேரமாவது கணினியோடு உட்காருங்கள். மின்கம்பியைக் கழற்றிவிட்டு ஒரு படக்காட்சியை ஓடவிட்டு, இருபது நிமிடத்தில் பேட்டரி எத்தனை விழுக்காடு இறங்குகிறது என்று பாருங்கள். பேட்டரி அறிக்கையை எடுத்துக் காட்டும்படியும் கேளுங்கள். விண்டோஸே அதைத் தயாரித்துத் தரும். அதில் தொழிற்சாலைக் கொள்ளளவும் இப்போதைய கொள்ளளவும் அருகருகே இருக்கும். பாதிக்குப் பக்கத்தில் வந்திருந்தால், புதுப் பேட்டரி போட்டுத் தரச் சொல்லுங்கள், அல்லது விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு விசையையும் தட்டிப் பார்ப்பது, மூடியைப் பலமுறை திறந்து மூடுவது, ஒலிவாங்கியில் பேசிக் கேட்பது, இணையத்தில் இணைத்துப் பார்ப்பது எல்லாம் வெட்கப்பட வேண்டிய காரியங்கள் அல்ல. மாட்டுச் சந்தையில் பல் பார்க்காமல் மாடு வாங்குவாரா? அலுவலகத்திலிருந்து வந்த கணினியாயின் பழைய நிறுவனத்தின் கடவுச்சொல் பூட்டு எதுவும் மிஞ்சவில்லை என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். பூட்டு இருந்தால் வீட்டுக்கு வந்த பின் அது வெறும் பலகைதான்.

கோலாலம்பூரின் லோ யாட் வணிக வளாகத்தில் கடைகள் ஏராளம். ஆனாலும் சிரம்பானில் நம்பகமான கடை கிடைத்தால் அதுவே மேல். பழுதென்றால் திரும்பக் கொண்டுபோக வேண்டியது நீங்கள்தானே; கோலாலம்பூருக்குப் போய் வந்தால் ஒருநாள் சம்பளம் போய்விடும்.

தவணையில் வாங்குவதாயின் மாதக் காசை மட்டும் பார்க்காதீர்கள். ரொக்கமாக 2,000 வெள்ளி என்ற கணினியை, மாதம் 115 வெள்ளி வீதம் 24 மாதம் கொடுத்தால், மொத்தம் 2,760 வெள்ளி. 760 வெள்ளி கூடுதல். அந்தக் காசுக்கு நினைவகமும் பேட்டரியும் மாற்றிக்கொள்ளலாம் அல்லவா? கணினி நடுவில் நின்றுபோனாலும் தவணை நிற்காது என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

ரசீது கேட்டு வாங்குங்கள். அதில் மாதிரியின் பெயர், வரிசை எண், உத்தரவாதக் காலம் மூன்றும் எழுதப்பட வேண்டும். பேச்சளவில் "ஆறு மாதம் பார்த்துக்கொள்வோம்" என்றால் போதாது. கடைக்காரர் கைவிரித்தால் 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. பதிவுக் கட்டணம் ஐந்து வெள்ளிதான். ஐம்பதாயிரம் வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை, நீங்களே போய்ப் பேசலாம். ஆனால் முகம் தெரியாத ஒருவரிடம் சாலையோரத்தில் ரொக்கம் கொடுத்து வாங்கியதற்கு அங்கே கதவு திறக்காது. வியாபாரம் செய்பவரிடம் வாங்கியதற்குத்தான் அந்த வழி.

வீட்டுக்கு வந்த பிறகு இரண்டொரு செய்தி. இடி முழங்கும்போது மின்செருகியை மட்டுமல்ல, இணையக் கம்பியையும் கழற்றி வையுங்கள். தகரக் கூரையின் கீழ் மதிய வெயிலில் மெத்தைமேல் வைத்து ஓட்டாதீர்கள். காற்று போகும் துளைகள் அடைபட்டுச் சூடேறி, பேட்டரிதான் முதலில் கெடும். மேசையில் வையுங்கள்.

பழைய கணினியைத் தூக்கி எறிவதற்கு முன் பிள்ளைகளின் படங்களையும் சான்றிதழ்களையும் எடுத்து வேறொன்றில் பதிந்துகொண்டு, உள்ளிருப்பதை அழித்துவிடுங்கள். பேட்டரி ஊதி மூடியைத் தள்ளிக்கொண்டிருந்தால் உடனே பயன்படுத்துவதை நிறுத்துங்கள். மின்னேற்ற வேண்டாம், குத்திப் பார்க்கவும் வேண்டாம். லயத்துக்குப் பின்னால் குப்பை எரிக்கும் இடத்தில் அதைப் போடவே கூடாது; வெடித்துத் தீப்பிடிக்கும். மின்னியல் கழிவு வாங்கும் இடத்திலோ, வாங்கிய கடையிலோ கொடுத்துவிடுங்கள்.