நீட் பி.ஜி-க்கு க்யூ பேங்க் வாங்கப் போறீங்களா?

ஹவுஸ் சர்ஜன் டியூட்டிக்கு நடுவே படிக்கக் கிடைப்பது ஒன்றிரண்டு மணி நேரம்தான். அதனால், 'ஆயிரக்கணக்கான கேள்விகள்' என்ற விளம்பரத்தைப் பார்த்ததும் சந்தா கட்டிடாதீங்க. முதலில், இலவசமாகத் தரும் சில கேள்விகளைப் போட்டுப் பாருங்கள். சரியான விடையோடு, மற்ற மூன்றும் ஏன் தவறு என்றும் விளக்கியிருந்தால் அது நல்ல க்யூ பேங்க்.

2025 தேர்வில் 200 கேள்விகள். சரியான விடைக்கு 4 மதிப்பெண். தவறானால் 1 போயிடும். 40 கேள்விகள் கொண்ட ஒவ்வொரு பகுதிக்கும் 42 நிமிடம். முடிந்த பகுதிக்குத் திரும்ப முடியாது. இதே கணக்கில் மாதிரித் தேர்வு இருக்கிறதா என்று பாருங்கள்.

ஃப்ரெண்ட்ஸ் சொன்னாங்கன்னு மூன்று வாங்கி, மூன்றையும் பாதியில் விடுவதைவிட, ஒன்றையே இரண்டு முறை முடிப்பது மேல். தப்புப் பண்ணின கேள்விகளைக் குறித்துவைத்து, ஒரு வாரம் கழித்து மறுபடி போடுங்க. விட்ட மார்க்கை அங்கேதான் பிடிக்கணும்!