கண்ணுக்கு எட்டாத மின்னல்

மயிலிட்டித் துறையில் நின்று வடக்கே நோக்கினால் நமக்குத் தெரிவது கடல் ஒன்றே. ஆயினும் அதே திசையில், சென்னைக்கும் அப்பால், ஏறக்குறைய 430 கிலோமீற்றர் தொலைவில் ஸ்ரீஹரிகோட்டா உள்ளது. 2015 செப்டெம்பர் 28ஆம் நாள் அங்கிருந்து ‘அஸ்ட்ரோசாற்’ என்னும் செய்மதி விண்ணேறிற்று. காமாக் கதிர் வெடிப்புகளைக் காணவல்ல கருவியொன்றும் அதில் இருந்தது.

அவ்வெடிப்பு யாது? மாபெரும் விண்மீன் ஒன்று எரிபொருள் தீர்ந்து தன்னுள்ளே இடிந்து விழும்போதும், நியூத்திரன் விண்மீன்கள் இரண்டு மோதி ஒன்றாகும்போதும் எழும் பேரொளியே அது. சூரியன் தன் வாழ்நாள் முழுவதும் சொரியும் சக்திக்கு ஒப்பானது சில விநாடிகளில் வெளிப்பட்டு மறையும். அக்கதிர்களை நம் வளிமண்டலம் தடுத்துவிடுகிறது. அத்தடை உயிர்களுக்குக் காப்பு. எனினும் அதனாலேயே அவற்றைக் காணக் கருவிகள் விண்ணுக்குச் செல்ல வேண்டியுள்ளது.

இவற்றை முதலிற் கண்டவை வானியலுக்காகச் செய்த கருவிகள் அல்ல என்பது வியப்பே. 1963இல் அணுகுண்டுச் சோதனைத் தடை உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. அதனை மீறி எவரேனும் விண்வெளியில் குண்டு வெடிப்பரோ என்று ஐயுற்று, அமெரிக்கா ‘வேலா’ செய்மதிகளை ஏவிற்று. 1967 யூலை 2ஆம் நாள் அவை பதிந்த கதிர்ப் பெருக்கில் குண்டின் சாயல் இல்லை. பின்னர், இத்தகைய கதிர்கள் ஒவ்வொரு செய்மதியையும் அடைந்த நேர வேறுபாட்டைக் கணக்கிட்ட விஞ்ஞானிகள், அவை பூமியிலோ சூரியனிலோ பிறந்தவை அல்ல எனத் துணிந்தனர். 1973இல் அச்செய்தி உலகறிய வெளியாயிற்று.

அஸ்ட்ரோசாற்றின் கருவியை மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையம் முதலியவை இணைந்து ஆக்கின. கட்மியம், நாகம், தெலூரியம் சேர்ந்த பளிங்குத் தகடுகள் அதில் உள்ளன. கதிர்த்துகள் ஒன்று தகட்டில் பட்டதும் சிறு மின்துடிப்பு உண்டாகும். துடிப்புகளின் எண்ணிக்கை திடீரென உயர்ந்து தணியுமாயின், எங்கோ ஒரு வெடிப்பு நிகழ்ந்ததோ என ஆராய்வர். 2015 ஒக்ரோபர் 6ஆம் நாள், இயங்கத் தொடங்கிய அன்றே, அது ஒரு வெடிப்பைக் கண்டது. 2022இல் அத்தொகை 500ஐ எட்டிற்று.

அச்செய்மதி எழுந்த நாளில் மயிலிட்டி மக்கள் இத்துறையில் இல்லை. 1990இல் போரினால் பெயர்ந்தவர்களுக்கு இது 2017இலேயே மீண்டது. போரச்சம் ஏவிய காவற்கண் வானத்தின் புதுமையைக் காட்டிய கதை இவ்வூர்ப் பிள்ளைகளுக்கு எளிதில் விளங்கும். மாணவர்களே, அஸ்ட்ரோசாற்றின் பதிவுகளை 2018 முதல் பொதுவில் வைத்துள்ளனர். அவற்றைப் படிக்கக் கணிதமும் பௌதிகமும் போதும்; யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.