மூளைச் சவ்வுக் காய்ச்சல்

பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஒரு பனடோல், நெற்றியில் ஈரத்துணி, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று நாம் இருந்துவிடுவது வழக்கம். பல காய்ச்சல்கள் அப்படியே தணிந்தும் விடுகின்றன. ஆனால் விடியும்வரை காத்திருக்கக் கூடாத காய்ச்சல் ஒன்று உண்டு. அதைப் பற்றி இன்று அறிந்துகொள்வோம்.

நம் மூளையையும் முதுகுத் தண்டையும் மெல்லிய சவ்வுகள் போர்த்தியிருக்கின்றன. அவற்றுக்கு இடையே தெளிந்த நீர் இருக்கிறது. பாக்டீரியாக் கிருமிகள் இரத்தத்தின் வழியாக அந்த நீருக்குள் புகுந்தால், சவ்வுகள் அழன்று, மூளை வீங்குகிறது. மருத்துவர்கள் இதை மெனிஞ்சைட்டிஸ் என்பார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, இந்நோய் கண்டவர்களில் ஆறில் ஒருவர் இறக்கிறார். ஐந்தில் ஒருவருக்குக் கடுமையான பின்விளைவு ஏற்படுகிறது.

கடுங்காய்ச்சல், பொறுக்க முடியாத தலைவலி, வாந்தி, வெளிச்சத்தைக் கண்டால் கண் கூசுதல், தாடை மார்பைத் தொடும்படி குனிய முடியாமல் கழுத்து விறைத்தல் ஆகியவை இதன் அடையாளங்கள். பிறகு மயக்கம், பிதற்றல், வலிப்பு வரலாம். எல்லா அடையாளமும் ஒன்றாக வரவேண்டும் என்பதில்லை. கைக்குழந்தைக்குக் கழுத்து விறைக்காமலும் இருக்கலாம். பால் குடிக்க மறுத்தல், ஓயாமல் வீறிட்டழுதல், உச்சிக்குழி புடைத்தல், துவண்டு கிடத்தல் ஆகியவற்றைக் கவனியுங்கள். உடலில் தோன்றும் செந்நிற அல்லது கருநீலப் புள்ளிகள், கண்ணாடிக் குவளையால் அழுத்தியும் மறையாவிட்டால் மிகவும் ஆபத்து.

பிதற்றலையும் வலிப்பையும் கண்டு, காத்துக் கறுப்பு பட்டுவிட்டது என்று சிலர் மந்திரிக்க ஓடுகிறார்கள். திருநீறு பூச வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பூசிய கையோடு 999-ஐ அழையுங்கள், அல்லது கிடைத்த வண்டியில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள்.

அங்கே முதுகிலிருந்து சிறிது நீர் எடுத்துச் சோதிக்க வேண்டும் என்பார்கள். "முதுகில் ஊசி போட்டால் கால் விளங்காமல் போய்விடும்" என்று அஞ்சிக் கையெழுத்துப் போட மறுக்கும் பெற்றோர் உண்டு. முதுகுத் தண்டு இடுப்புக்கு மேலேயே முடிந்துவிடுகிறது. ஊசி அதற்கும் கீழேதான் செலுத்தப்படுகிறது. சில நாள் தலைவலியோ முதுகுவலியோ இருக்கலாம். எந்தக் கிருமி, அதற்கு எந்த மருந்து என்பதை அந்த நீரே காட்டிக்கொடுக்கும்.

கிருமிக்கொல்லி மருந்தை இரத்தக் குழாய் வழியாகச் செலுத்துவதே முக்கிய சிகிச்சை. நோய் கடுமையென்று தெரிந்தால், சோதனை முடிவுக்குக் காத்திராமல் முதல் மருந்தைக் கொடுத்துவிடுவார்கள். கிருமிக்கேற்ப ஒரு வாரம் முதல் மூன்று வாரம் வரை மருந்து தொடரும். காய்ச்சல் விட்டுவிட்டதே என்று பாதியில் வீட்டுக்கு அழைத்து வந்துவிடாதீர்கள். குணமான பிறகு காது கேட்கிறதா என்று சோதிப்பதும் அவசியம். இந்நோய் செவியைப் பாதிக்கக்கூடும். சில வகைக் கிருமிகளானால், கூட இருந்தவர்களுக்கும் தடுப்பு மருந்து தருவார்கள். அதை மறுக்காமல் உட்கொள்ளுங்கள்.

வருமுன் காப்பதே மேல். மலேசிய அரசாங்கத்தின் இலவசத் தடுப்பூசித் திட்டத்தில் 2002-இல் ஹிப் கிருமிக்கான ஊசியும், 2020-இல் நியூமோகோக்கஸ் கிருமிக்கான ஊசியும் சேர்ந்தன. இவ்விரண்டும் இந்நோயைக் கொண்டுவரும் கிருமிகள். உங்கள் பிள்ளையின் சுகாதாரப் புத்தகத்தை இன்றே எடுத்துப் பாருங்கள். விட்டுப்போன ஊசி இருந்தால் கிளினிக்கில் கேளுங்கள்.