ஆற்றுணாவும் அனுமதிச் சீட்டும்

'ஆறு' என்னும் சொல்லுக்கு வழி என்ற பொருளும் தமிழில் உண்டு. வழிநடையில் உண்பதற்கெனக் கட்டிச் செல்லும் உணவை ஆற்றுணா என்றும், பரிசில் பெற்று மீள்பவன் எதிர்ப்பட்டவனுக்கு வழி கூறி அனுப்பும் பாட்டை ஆற்றுப்படை என்றும் முன்னோர் வழங்கினர். மலைபடுகடாம் கூத்தருக்கு மலைவழியின் இடர்களை எடுத்துரைப்பதோடு, வழியிடை எவ்வெவ்விடத்தில் என்னென்ன உணவு கிடைக்கும் என்பதையும் சேர்த்தே கூறுகிறது. வழியையும் உணவையும் ஒருங்கே எண்ணாத பயணம் பயணமாகாது என்பது பழந்தமிழர் கண்ட உண்மை.

இவ்வுண்மையை இஸ்லாமிய வரலாறும் காட்டுகிறது. கூஃபாவிலிருந்து மக்காவுக்குப் பாலைவழியே சென்ற ஹஜ் பயணிகளுக்காகக் கிணறுகளும் நீர்த்தொட்டிகளும் தங்குமிடங்களும் அமையப் பெரிதும் உதவியவர் கலீஃபா ஹாரூன் அல் ரஷீதின் துணைவியார் ஜுபைதா ஆவார். கி.பி. 831இல் மறைந்த அவ்வம்மையாரின் பெயராலேயே அப்பாதை இன்றும் 'தர்ப் ஜுபைதா' என வழங்குகிறது. அடுத்த நீர் எங்கே என்னும் வினாவுக்கு விடை கிடைத்த பின்னரே ஒட்டகங்கள் நகர்ந்தன.

இந்நூற்றாண்டில் நெடுவழி நடப்போருக்கும் இவ்வினா மாறவில்லை. ஆயினும், 'நான் உள்ளே செல்லலாமா?' என்னும் இன்னொரு வினா அதனுடன் சேர்ந்துள்ளது. இவ்விரண்டும் ஒன்றையொன்று எவ்வாறு பிணைக்கின்றன என்பதை, அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள ஜான் மியூர் நெடும்பாதையைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

பாதையும் அதன் இயல்பும்

சியரா நெவாடா மலைத்தொடரில் யோசெமிட்டிப் பள்ளத்தாக்கில் தொடங்கும் இப்பாதை, 4,421 மீட்டர் உயரமுள்ள விட்னி மலை உச்சியில் முடிகிறது. நீளம் ஏறத்தாழ 340 கிலோமீட்டர். உச்சியிலிருந்து ஊர்ப்புறம் இறங்க மேலும் 18 கிலோமீட்டர் நடக்க வேண்டும். இயற்கைக் காப்பாளர் ஜான் மியூர் 1914இல் மறைந்தார். அவர் நினைவாக 1915இல் தொடங்கப்பட்ட பாதைப்பணி 1938இல் நிறைவுற்றது. எனினும் வழி புதிதன்று. நூமூ எனத் தம்மை அழைத்துக்கொள்ளும் பையூட் பழங்குடியினர், மலையின் கீழைப்புறத்திலிருந்து எரிமலைக் கண்ணாடிக் கல்லையும் மேலைப்புறத்திலிருந்து கருவாலிக் கொட்டையையும் இக்கணவாய்கள் வழியே பண்டமாற்றுச் செய்தனர். மக்களின் வழி எனப் பொருள்படும் 'நூமூ போயோ' என்னும் பெயரால் இதனை அழைப்பர். ஆகவே, பாதை பிறந்ததே உணவுப் பொருள் சுமந்தவர்களின் காலடியில்தான் எனலாம்.

இன்று இப்பாதை யோசெமிட்டி, கிங்ஸ் கேன்யன், செகோயா ஆகிய மூன்று தேசியப் பூங்காக்களையும் அவற்றிடையே உள்ள தேசியக் காடுகளையும் ஊடுருவிச் செல்கிறது. இதன் பெரும்பகுதி, 1964ஆம் ஆண்டின் வனாந்தரச் சட்டத்தின்படி காக்கப்படும் நிலமாகும். அங்கே சாலை இல்லை, கடை இல்லை, இயந்திர ஊர்தியும் மிதிவண்டியும் செல்லக் கூடாது. நடப்பவர் தம் முதுகில் சுமந்ததே அவருக்குச் சொந்தம்.

அனுமதி பெறும் முறை

இவ்வழியில் இரவு தங்கி நடக்க விரும்புவோர் அனைவரும் அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும். பல நிருவாகங்களின் நிலத்தைக் கடந்தாலும் சீட்டு ஒன்றே போதும். பயணம் எந்த எல்லையில் தொடங்குகிறதோ அந்த நிருவாகம் தரும் சீட்டைப் பிறவும் ஏற்றுக்கொள்ளும். நடை இடையறாது தொடர வேண்டும் என்பதே நிபந்தனை. சீட்டு எந்த நாளில், எந்த வாயிலில் நுழைவது என்பதை வரையறுக்கிறது. ஒவ்வொரு வாயிலுக்கும் நாளொன்றுக்கு இத்தனை பேர் என அளவு உண்டு.

யோசெமிட்டியில் தொடங்க விரும்புவோர் இணையவழிக் குலுக்கலில் பங்கேற்க வேண்டும். குலுக்கல் வாரந்தோறும், தொடக்க நாளுக்கு 24 வாரங்களுக்கு முன்னரே நடைபெறுகிறது. மொத்த இடங்களில் 60 விழுக்காடு இவ்வாறு நிரம்பும். எஞ்சிய 40 விழுக்காடு புறப்படும் நாளுக்கு ஏழு நாள் முன்பு திறக்கப்படும். நெரிசல் மிகுந்ததால், டானஹூ கணவாய் வழியாகப் பூங்காவைக் கடந்து தெற்கே செல்வோர் நாளொன்றுக்கு 45 பேர் என 2015இல் வரம்பு விதிக்கப்பட்டது. அன்று முதல், அக்கணவாயைக் கடக்க ஒப்புதல் உள்ள சீட்டையே நெடும்பாதையினர் நாடுகின்றனர்.

தெற்கிலிருந்து வடக்கே நடக்க விரும்புவோருக்கு வேறு வாயில்கள் உள. விட்னி மலைவாயில் வழியாக ஏறுவோருக்கு ஆண்டுதோறும் பிப்ரவரித் திங்களில் குலுக்கல் விண்ணப்பம் பெறப்படும். அங்கே இரவு தங்குவோர் 60 பேர், ஒரே நாளில் ஏறி இறங்குவோர் 100 பேர் என்பது நாளளவு. அதற்குத் தெற்கே உள்ள காட்டன்வுட் வாயில்களுக்கு இன்யோ தேசியக் காட்டு நிருவாகம் ஆறு திங்களுக்கு முன்பும், மீதியை இரண்டு வாரத்திற்கு முன்பும் வழங்குகிறது. ஒரே வாயிலைப் பிடித்துக்கொண்டு காத்திராமல் இரண்டு மூன்று வாயில்களையும் பல நாள்களையும் விண்ணப்பத்தில் குறிப்பவருக்கே பெரும்பாலும் வாய்ப்புக் கிட்டுகிறது.

இவ்வளவு கெடுபிடி ஏன் என்று வினவலாம். ஏரிக்கரைப் புல் ஒரு கோடையில் ஓரளவு மிதியைத் தாங்கும். அதற்கு மேல் தாங்காது. உயர்மலையின் மண் மெலியது. அங்கே அழிந்த பசுமை மீளப் பல்லாண்டுகள் ஆகும். எனவே அனுமதிச் சீட்டு, நடப்பவருக்குத் தரப்படும் உரிமை என்பதினும், நிலத்திற்கு அவர் தரும் வாக்குறுதி என்பதே பொருந்தும். செல்ல இயலாதவர் தம் சீட்டைக் காலத்தே திருப்பித் தந்தால், காத்திருக்கும் மற்றொருவருக்கு வழி திறக்கும். வாக்குறுதியின் ஒரு பகுதி அதுவும் ஆகும்.

உணவு நிலையங்கள்

நாள் உறுதியானதும் ஆற்றுணாவைக் கணக்கிட வேண்டும். சுமையோடு மலையேறும் ஒருவருக்கு நாளொன்றுக்கு 3,000 முதல் 4,000 கலோரி வரை தேவைப்படும். ஒரு கிராம் மாவுப்பொருள் 4 கலோரியும் ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரியும் தரும். ஆகவே பருப்பு, கொட்டைகள், எண்ணெய், உலர்ந்த சோறு என நீர் நீக்கிய பொருள்களைத் தேர்ந்தால் நாளுக்கு ஏறத்தாழ 800 கிராம் போதும். இருபது நாள் நடைக்கு இது 16 கிலோ ஆகிறது. இதனை ஒரே மூச்சில் சுமத்தல் அரிது. எனவே முன்கூட்டியே உணவை அனுப்பி வைத்து வழியில் எடுத்துக்கொள்கின்றனர்.

வடக்கிலிருந்து நடப்பவருக்கு முதலில் வருவது துவாலமி புல்வெளி. தொடக்கத்திலிருந்து 38 கிலோமீட்டர். அடுத்து 58 கிலோமீட்டரில் ரெட்ஸ் மெடோ. அதற்கு அப்பால், எடிசன் ஏரியின் மறுகரையில் உள்ள வெர்மிலியன் வேலி என்னும் விடுதி பாதையை விட்டு விலகிச் செல்வோருக்கு உதவும். ரெட்ஸ் மெடோவிலிருந்து 80 கிலோமீட்டர் தொலைவில், பாதையின் நடுவே, மியூர் டிரெயில் ரான்ச் என்னும் பண்ணை உள்ளது. அங்கே உணவை மூடியுள்ள பிளாஸ்டிக் வாளியில் அடைத்து, பல வாரங்களுக்கு முன்னரே அஞ்சலில் அனுப்ப வேண்டும். பாதுகாத்துத் தருவதற்குக் கட்டணம் உண்டு. இந்நிலையங்கள் யாவும் கோடையில் மட்டுமே இயங்குவன. புறப்படுமுன் அவ்வாண்டின் திறப்பு நாளை உறுதி செய்தல் இன்றியமையாதது. துவாலமிக்குச் செல்லும் டயோகா சாலை, கடும் பனியின் காரணமாக 2023இல் ஜூலை 22ஆம் நாள்தான் திறக்கப்பட்டது.

ஹலால் பேணுவோரும் புலால் தவிர்ப்போரும் மலைக்கடையை நம்பாது தம் வாளியைத் தாமே நிரப்பி அனுப்புதல் நலம்.

கணக்கு இடிக்கும் இடம்

பண்ணைக்குப் பின்னர்தான் உண்மையான சோதனை தொடங்குகிறது. அங்கிருந்து விட்னி உச்சிக்கு 165 கிலோமீட்டர். இறக்கத்தையும் கூட்டினால் 183. இடையே பாதையின்மேல் ஒரு கடையும் இல்லை. மியூர், மேதர், பிஞ்சோ, கிளென், ஃபாரெஸ்டர், டிரெயில் கிரெஸ்ட் என ஆறு கணவாய்கள் குறுக்கிடுகின்றன. நாளொன்றுக்கு 18 கிலோமீட்டர் நடந்தால் பத்து நாள் ஆகும்.

பத்து நாள் உணவைத் தூக்க இயலாதா எனில், எடையை விடப் பெரிய தடை கொள்ளளவு. இம்மலையில் கருங்கரடிகள் வாழ்கின்றன. ஆதலின் உணவை மட்டுமன்றி, பற்பசை, சோப்பு என மணமுள்ள அனைத்தையும் கரடியால் திறக்க முடியாத கடினக் கலனில் வைத்தல் பாதையின் பல பகுதிகளில் கட்டாயம். பலரும் பயன்படுத்தும் பெரிய கலன் பதினொன்றரை லிட்டர் கொள்ளும். திறமையாக அடுக்கினாலும் ஏழு நாள் உணவே அதில் அடங்கும். முதல் நாள் உணவு இரவுக்குள் தீர்ந்துவிடுவதால் அதனை வெளியே வைக்கலாம். அவ்வாறு பார்த்தாலும் எட்டு நாள்தான். இரண்டு நாள் உணவுக்கு இடமில்லை.

இவ்விரண்டு நாளுக்கு மூன்று வழிகள் உள. ஒன்று, 110 கிலோமீட்டர் நடந்தபின் கியர்சார்ஜ் கணவாய் வழியே 12 கிலோமீட்டர் விலகி ஆனியன் வேலி என்னும் சாலைமுனையை அடைந்து, அங்கிருந்து 21 கிலோமீட்டரில் உள்ள இன்டிபென்டன்ஸ் என்னும் சிற்றூரில் உணவு எடுத்து மீள்வது. இதற்கு ஒன்றரை நாள் கூடும். இரண்டு, கோவேறு கழுதைக்காரரை அமர்த்தி உணவைக் கொணரச் செய்வது. இதற்குச் செலவு மிகுதி. மூன்று, நாள் நடையை 23 கிலோமீட்டருக்கு மேல் உயர்த்தி எட்டு நாளில் முடிப்பது. உடல் பழகியவருக்கே இது இயலும். எதைத் தேர்ந்தாலும் பயண நாள்களின் எண்ணிக்கை மாறும். நுழைவு நாளும் வெளியேறும் நாளும் சீட்டில் எழுதப்படுவன ஆதலால், விண்ணப்பிக்கும் முன்னரே இக்கணக்கை முடித்தாக வேண்டும். சீட்டு முதலில், சோறு பிறகு என எண்ணுவோர் தடுமாறுவது இங்கேதான்.

கலனில் அடங்காததைப் பையில் ஒளித்துச் செல்வோரும் உளர். அதன் விலையைக் கொடுப்பது கரடியே. மனித உணவின் சுவை கண்ட கரடி மீண்டும் மீண்டும் மனிதரை நாடும். அச்சம் தெளிந்து துணிவு மிகும். இறுதியில் அதனைக் கொல்ல நேரும். ஒருவரின் இரண்டு நாள் கவனக்குறைவு ஓர் உயிரின் முடிவாகலாம்.

பசியை அளத்தல்

மறுமுனைப் பிழையும் உண்டு. உயரத்திற்கு உடல் பழகாத முதல் நாள்களில் பசி குன்றும். இரண்டாம் வாரத்தில் பன்மடங்கு பெருகும். இதனை அறியாதோர் முதல் வாளியில் அளவுக்கு மீறி நிரப்பி அனுப்புகின்றனர். பண்ணையில் வரிசையாக வைத்துள்ள பொது வாளிகளே இதற்குச் சான்று. சுமக்க இயலாத உணவை வகை பிரித்து அவற்றில் இட்டுச் செல்கின்றனர். குறைவாகக் கொணர்ந்தவர் எடுத்துக்கொள்கின்றனர். வீண்விரயம் ஈகையாக மாறும் நல்லிடம் அது. எனினும் அதனை நம்பி வெறுங்கையுடன் செல்லுதல் அறிவுடைமை ஆகாது.

திட்டம் முறியும்போது

எல்லாம் முறையாக அமைந்தும் மலை மறுக்கலாம். 2020 செப்டம்பர் 4இல் தொடங்கிய கிரீக் காட்டுத்தீ 3,79,000 ஏக்கருக்கு மேல் எரித்தது. சாலைகள் அடைபட்டுச் சிக்கிய நூற்றுக்கணக்கானோரை ஹெலிகாப்டர்கள் மீட்டன. 2021 ஆகஸ்டு இறுதியிலும் கலிபோர்னியாவின் தேசியக் காடுகள் ஏறத்தாழ அனைத்தும் தீயச்சத்தால் சில வாரங்கள் மூடப்பட்டன. கையில் சீட்டு வைத்திருந்தோரும் திரும்பினர். ஆகவே ஒவ்வொரு உணவு நிலையத்தையும் ஒரு வெளியேறும் வாயிலாகவும் கருதி, அங்கிருந்து ஊர் சேரும் வழியை முன்னரே அறிந்திருத்தல் வேண்டும். எந்நாளில் எங்கிருப்போம் என்பதை வீட்டாரிடம் எழுதித் தந்து செல்லுதலும் வேண்டும். ஒரு நாள் உணவு மிகுதியாக இருத்தல் நலம்; திரும்பி வரும் துணிவு இருத்தல் அதனினும் நலம்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், அனுமதிச் சீட்டும் ஆற்றுணாவும் இருவேறு ஏற்பாடுகள் அல்ல, ஒரே கணக்கின் இரு பக்கங்களே என்பது புலனாகும். நாள், தொலைவு, எடை, கொள்ளளவு ஆகிய நான்கும் ஒத்துவரும் வரை தாளில் நடந்து பார்த்த பின்னரே நிலத்தில் நடத்தல் வேண்டும். நிலம் எவ்வளவு தாங்கும் என்பதைச் சீட்டும், உடல் எவ்வளவு தாங்கும் என்பதை உணவும் உணர்த்துகின்றன. இரண்டும் கற்பிப்பது அளவறிதல் என்னும் ஒரே பாடம்.

இப்பாடத்தையும் மலைக்குச் சென்று மீண்டவரே செல்பவருக்குச் சொல்லித் தருகின்றனர். எக்கணவாயில் பனி நிற்கிறது, எந்நிலையம் திறந்துள்ளது, எங்கே உணவு குறையும் என்று எதிர்ப்படுவோர் நின்று உரைக்கின்றனர். ஆற்றுப்படுத்துவோர் இன்றும் வழியில் நிற்கின்றனர். அவர் சொல்லைக் கேட்டு நடப்பது நம் கடன்.