மென்பொருளை நீக்குமுன் கணக்கைக் காப்பாற்றுங்கள்



பலசரக்கு மொத்த வியாபாரத்தில் நாற்பது ஆண்டுகளாக இருப்பவன் நான். படிப்பு பள்ளிக்கூடத்தோடு சரி. கம்ப்யூட்டரைப் பற்றி எழுத இவருக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். பட்டவன் என்பதுதான் தகுதி. நான்கு மாதக் கணக்கை ஒரே பகலில் தொலைத்துவிட்டுத் தவித்தவன் நான். அந்தத் தவிப்பு நம் உறுப்பினர் எவருக்கும் வரக்கூடாது என்றே இதை எழுதுகிறேன்.

2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்த பிறகு நம்மில் பலர் பேரேட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாறினோம். சிறு கடைக்காரர்கள் பலர் இதற்கென்று தனியாக ஒன்று வாங்குவதில்லை. பிள்ளைகள் படிக்க வீட்டில் வாங்கி வைத்ததிலேயே, இரவு கடை அடைத்த பிறகு பில்களை ஏற்றுகிறோம். பகலில் அதே பெட்டியில் விளையாட்டு, பாட்டு, படம் என்று என்னென்னவோ இறங்குகின்றன. மண்ணெண்ணெய் டின்னையும் சர்க்கரை மூட்டையையும் ஒரே மூலையில் அடுக்குவது போன்றது இது.

என் வீட்டிலோ, தவறு செய்தது பிள்ளைகள் அல்ல, நானேதான். கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறதே என்று நினைத்த வேளையில், "வேகமாக்கித் தருகிறோம், இலவசம்" என்று திரையில் ஓர் அறிவிப்பு வந்தது. அமுக்கினேன். மறுநாளிலிருந்து வேண்டாத விளம்பரங்கள் வந்து குவிந்தன. பில் போடும் மென்பொருள் பாதியில் நின்று நின்று போயிற்று. திரையில் இருந்த அந்த இலவச மென்பொருளின் சின்னத்தை அழித்தேன். தொல்லை தீரவில்லை. பழுது பார்ப்பவரை வரவழைத்தேன். அவர் வீட்டிலிருந்து போன் செய்து, "ஃபார்மட் செய்தால் சரியாகிவிடும், செய்யட்டுமா?" என்று கேட்டார். மண்டியில் லோடு இறங்கிக்கொண்டிருந்த நேரம். "செய்யுங்கள்" என்று சொல்லிவிட்டேன். கணக்கை எடுத்து வைத்தாயிற்றா என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மாலையில் கம்ப்யூட்டர் புதிது போல ஓடியது. நான்கு மாத வரவு செலவு மட்டும் அதில் இல்லை.

பில் நகல்களையும் சிட்டைகளையும் வைத்து 17 நாள் உட்கார்ந்து மறுபடி ஏற்றினோம். சில்லரைக் கடைக்காரர்கள் பலர் தங்கள் கையிலிருந்த பில்லைக் கொண்டுவந்து, "அண்ணாச்சி, என் பாக்கி இவ்வளவு, எழுதிக்கொள்ளுங்கள்" என்றார்கள். அவர்கள் நாணயத்தால் பிழைத்தேன். ஆனால் பிறர் நாணயத்தை மட்டும் நம்பி நாம் கணக்கு வைத்துக்கொள்ள முடியாது அல்லவா? சட்டமும் அதை ஏற்காது. ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஓர் ஆண்டின் கணக்கை, அந்த ஆண்டுக்குரிய வருடாந்திர ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் நாம் பாதுகாத்து வைக்க வேண்டும்.

அதன்பின் விஷயம் தெரிந்தவர்களிடம் கேட்டுக் கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் வேலை: கணக்கை எடுத்து வைத்தல்

மென்பொருள் என்பது தராசு மாதிரி. கெட்டால் வேறு வாங்கலாம். நாம் அதில் ஏற்றிய கணக்கு அப்படியல்ல. ஆகவே எந்த மென்பொருளைத் தொடுவதற்கு முன்னும் கணக்கை நகல் எடுக்க வேண்டும். பெரும்பாலான கணக்கு மென்பொருள்களில் 'பேக்கப்' என்று ஒரு வசதி இருக்கும். அதைக் கொண்டு பென் டிரைவில் ஒரு நகல், வெளியே வைக்கும் ஹார்ட் டிஸ்கில் ஒரு நகல் எடுங்கள். 'சி'யில் இருந்ததை 'டி'யில் போட்டுவிட்டேன் என்று நிம்மதியாக இருக்காதீர்கள். பல கம்ப்யூட்டர்களில் இரண்டும் ஒரே டிஸ்கின் இரு பகுதிகள்தான். டிஸ்க் கெட்டால் இரண்டும் போய்விடும். எடுத்த நகலை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து, கடைசி பில் வரை இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு பென் டிரைவைக் கழற்றிப் பூட்டி வையுங்கள். 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய 'வான்னாகிரை' போன்ற பணம் பறிக்கும் வைரஸ்கள், கம்ப்யூட்டரோடு இணைந்திருக்கும் டிரைவையும் சேர்த்தே பூட்டிவிடும்.

தொல்லை தருவது எது?

தொல்லை எந்த நாளில் தொடங்கியது, அதற்கு முன் புதிதாக எதைப் போட்டோம் என்று யோசியுங்கள். விண்டோஸ் 11-ல் 'செட்டிங்ஸ்', 'ஆப்ஸ்', 'இன்ஸ்டால்ட் ஆப்ஸ்' என்று போனால் உள்ளே இருக்கும் மென்பொருள்களின் பட்டியல் வரும். அதைத் தேதிவாரியாக அடுக்கிப் பார்க்கலாம். பெரும்பாலும் ஆசாமி அங்கேயே அகப்படுவான். இரண்டு வைரஸ் தடுப்பு மென்பொருள்களைச் சேர்த்துப் போட்டிருந்தாலும் ஒன்றோடொன்று மோதிக் கம்ப்யூட்டர் திணறும். ஒன்று போதும். விண்டோஸிலேயே 'டிஃபெண்டர்' என்ற தடுப்பு இருக்கிறது.

நீக்குமுன் பழுது பார்த்தல்

கணக்கு மென்பொருள் போன்று நமக்கு வேண்டிய ஒன்று தகராறு செய்தால் உடனே நீக்க வேண்டாம். முதலில் கம்ப்யூட்டரை 'ரீஸ்டார்ட்' செய்து பாருங்கள். அடுத்து, அந்த மென்பொருளுக்குப் புதிய 'அப்டேட்' வந்திருந்தால் போடுங்கள். பட்டியலில் அதன் பெயருக்கு எதிரே 'மாடிஃபை' இருந்தால் அதற்குள்ளே சிலவற்றில் 'ரிப்பேர்' என்ற வசதி கிடைக்கும். எல்லா மென்பொருளிலும் இது இருப்பதில்லை. இருந்தால் சிதைந்த பகுதிகளை மட்டும் அது புதுப்பித்துக் கொடுக்கும்.

நீக்கும் முறை

நான் செய்த தவறு இங்கேதான். திரையில் தெரியும் சின்னம் கடையின் பெயர்ப்பலகை மாதிரி. பலகையைக் கழற்றினால் கடை காலியாகிவிடாது. அதே பட்டியலில் பெயருக்கு எதிரே உள்ள மூன்று புள்ளிகளை அமுக்கி 'அன்இன்ஸ்டால்' கொடுப்பதே முறை. பழைய கம்ப்யூட்டர்களில் 'கன்ட்ரோல் பேனல்', 'புரோகிராம்ஸ் அண்ட் ஃபீச்சர்ஸ்' வழியாகப் போக வேண்டும். நடுவில், சேர்த்து வைத்த விவரங்களையும் அழிக்கட்டுமா என்று சில மென்பொருள் கேட்கும். அவசரத்தில் 'யெஸ்' கொடுத்துவிடாதீர்கள். ஒவ்வொரு கேள்வியையும் படித்துவிட்டுப் பதில் கொடுங்கள். காசு கொடுத்து வாங்கிய மென்பொருளானால், லைசென்ஸை முதலில் விடுவிக்க வேண்டுமா என்று விற்றவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நீக்கி முடித்ததும் 'ரீஸ்டார்ட்' அவசியம்.

நீங்காமல் அடம் பிடித்தால், 'ஷிஃப்ட்' விசையை அமுக்கியபடி 'ரீஸ்டார்ட்' கொடுத்து, அங்கிருந்து 'சேஃப் மோட்' என்ற நிலைக்குப் போய் முயலலாம். வைரஸ் தடுப்பு மென்பொருளாக இருந்தால், அதை நீக்குவதற்கென்றே தனிக் கருவியை அதைத் தயாரித்த சில நிறுவனங்களே தருகின்றன. 'சிஸ்டம் ரீஸ்டோர்' வசதியை முன்பே இயக்கி வைத்திருந்தால், மென்பொருள்களையும் அமைப்புகளையும் முந்தைய ஒரு நாளின் நிலைக்குக் கொண்டுபோகலாம். ஆனால் அழிந்த கணக்கை மீட்க அதை நம்பக்கூடாது.

ஃபார்மட் கடைசி வழி

இவை எதற்கும் மசியாவிட்டால்தான் ஃபார்மட். அதற்கு முன் கணக்கின் நகல், மென்பொருள்களின் லைசென்ஸ் எண்கள், பில் பிரிண்டருக்கான 'டிரைவர்', கடவுச்சொற்கள் ஆகிய நான்கும் கையில் இருக்க வேண்டும். ஆள் வரும்போது நீங்களோ, விவரம் தெரிந்த வீட்டார் ஒருவரோ பக்கத்தில் இருங்கள். போனில் சம்மதம் கொடுக்காதீர்கள்.

இன்னும் மூன்று எச்சரிக்கைகள்

"உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ், இந்த எண்ணுக்குப் பேசுங்கள்" என்று திரையில் வந்தால் பேச வேண்டாம். தொலைவிலிருந்து நம் கம்ப்யூட்டரை இயக்கும் மென்பொருளைப் போடச் சொல்லி, வங்கிக் கணக்கில் கை வைத்துவிடுவார்கள். ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள். தாமதித்தால் பணத்தைத் தடுத்து நிறுத்துவது கடினம்.

திருட்டு நகல் மென்பொருளை மலிவு என்று போடாதீர்கள். கலப்படச் சரக்கை நாம் வாங்குவோமா?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகள் 2025 அக்டோபர் 14 அன்றோடு முடிந்துவிட்டன. அதிலேயே கணக்கு எழுதுகிறவர்கள், தங்கள் கம்ப்யூட்டர் விண்டோஸ் 11-ஐ ஏற்குமா என்று விசாரிப்பது நல்லது.

இரவு கல்லாவை எண்ணாமல் நாம் கடையை அடைப்பதில்லை. என் வீட்டில் இப்போது பென் டிரைவில் அன்றைய கணக்கு ஏறாமல் கம்ப்யூட்டரை அணைப்பதில்லை. ஐந்து நிமிட வேலைதான். இன்றிரவே நீங்களும் தொடங்குங்கள்.