கதவுக்குப் பின்னால் நடந்த கொலை

லண்டனில் தேம்ஸ் நதியின் தென்கரையில் இருந்த குளோப் அரங்கில் நாடகம் பிற்பகல் 2 மணியளவில் தொடங்கும். மேடைக்கும் சுற்றுமாடங்களுக்கும் மட்டும்தான் கூரை. நடு முற்றம் திறந்த வெளி. ஒரு பென்னி கொடுத்தவர்கள் அங்கே நின்றபடி பார்த்தார்கள். தேர்ந்த கைவினைஞரின் நாள் கூலி அப்போது ஏறத்தாழ 12 பென்னி. அரங்கு நிறைந்தால் 3,000 பேர் வரை இருப்பார்கள். 1606 வாக்கில் ஷேக்ஸ்பியர் எழுதிய 'மேக்பெத்' நாடகத்தின் முக்கியமான காட்சிகள் பெரும்பாலும் இரவில் நடப்பவை. அந்த இரவை வெயிலில் வைத்துக் காட்ட வேண்டியிருந்தது. நடிகர் கையில் ஒரு தீப்பந்தம் இருக்கும். மீதி இருட்டை வசனம் கொண்டுவரும்.

டங்கன் மன்னன் கொலையுண்பதும் அப்படிப்பட்ட ஓர் இரவில்தான். தன் கோட்டைக்கு விருந்தாளியாக வந்து உறங்கும் மன்னனைத் தளபதி மேக்பெத் குத்திக் கொல்கிறான். ஆனால் அந்தக் கொலை மேடையில் நிகழ்வதில்லை. அவன் உள்ளே போகிறான், மனைவி வெளியே காத்திருக்கிறாள், ஆந்தை அலறுகிறது, இரத்தம் படிந்த கத்திகளோடு அவன் திரும்பி வருகிறான். இடையில் நடந்ததைப் பார்வையாளர்கள் தத்தம் மனத்துக்குள் தாங்களே நடத்திக்கொண்டார்கள்.

அது எவ்வளவு தூரம் வேலை செய்தது என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. 1611 ஏப்ரலில் குளோப்பில் இந்த நாடகத்தைப் பார்த்த சைமன் ஃபோர்மன், சோதிடமும் வைத்தியமும் பார்த்தவர், கதையைத் தம் குறிப்பேட்டில் எழுதிவைத்தார். மேக்பெத்தின் நாற்காலியில் அவன் தோழன் பாங்கோவின் ஆவி வந்து உட்கார்ந்ததும், கையிலிருந்த இரத்தம் கழுவியும் போகாததும் அவர் நினைவில் நின்றிருக்கின்றன. மேக்பெத்தும் பாங்கோவும் ஒரு காட்டின் வழியே குதிரையில் வந்தார்கள் என்றும் எழுதுகிறார். மேடையில் குதிரை ஏறியிருக்க வாய்ப்பில்லை. முன்பே பார்த்திருந்த ஏதோ ஒரு வரலாற்று நூலின் படம் அவர் நினைவில் கலந்திருக்கலாம் என்று சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு. இருக்கட்டும், வெறும் பலகைத் தளத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனவர் காட்டையும் குதிரையையும் கண்டதாக எழுதியிருக்கிறார்.

இன்று திரையில் காடு நிஜமாகவே இருக்கிறது, குதிரையும் இருக்கிறது. ஜஸ்டின் கர்செல் 2015இல் எடுத்த படத்தில் ஸ்காட்லாந்தின் மலைகளும் மூடுபனியும் பல இடங்களில் நடிகர்களையே விழுங்கிவிடுகின்றன. கோட்டையை நோக்கி நகர்ந்து வருவதாகக் கதையில் சொல்லப்படும் பிர்னம் காடு எரிந்து, அதன் சாம்பல் கோட்டையை நோக்கிப் பறந்து வருகிறது. மேடையில் வீரர்கள் ஆளுக்கொரு கிளையைத் தூக்கிக்கொண்டு வந்தால் போதுமாயிருந்தது. ஆனால் காடு வந்த இந்தப் பயணத்தில் கொலை நடந்த அறையின் கதவும் திறந்துகொண்டது.

அது ஒரே நாளில் திறக்கவில்லை. 1948இல் ஆர்சன் வெல்ஸ், கௌபாய் படங்களுக்குப் பேர்போன ரிபப்ளிக் நிறுவனத்தின் அரங்கில் 23 நாளில் படத்தை எடுத்து முடித்தார். அட்டைப் பாறைகளின் நடுவே நாடகம் இன்னும் நாடகமாகவே இருந்தது. 1957இல் அகிரா குரோசாவா கதையை ஜப்பானின் உள்நாட்டுப் போர்க் காலத்துக்குக் கொண்டுபோனார். 'இரத்த சிம்மாசனம்' என்று உலகம் அறிந்த அந்தப் படத்தில் ஷேக்ஸ்பியரின் ஒரு வரிகூட இல்லை. ஃபுஜி மலைச் சரிவில் கோட்டை எழுப்பினார். கடைசிக் காட்சியில் நாயகனாக நடித்த தோஷிரோ மிஃபூனேயைச் சுற்றித் தேர்ந்த வில்லாளிகள் உண்மையான அம்புகளை எய்தார்கள். இவ்வளவு நிஜத்தைத் தேடிய அதே மனிதர் கொலையை மட்டும் காட்டவில்லை. கணவன் ஈட்டியோடு உள்ளே போக, மனைவி அசாஜி வெற்று அறையில் காத்திருக்கிறாள். நோ என்னும் மரபு நாடகத்தின் முகமூடி போல இறுகிய முகம். முன்னதாகக் காவலர்களுக்கான மயக்க மதுவை எடுக்க அவள் இருட்டுக்குள் போய் வரும்போது பட்டு ஆடை உரசும் ஓசை மட்டும் கேட்கும். திரும்பி வந்தவனின் விரல்கள் ஈட்டியை விட மறுக்கின்றன. அவள்தான் பிடுங்க வேண்டியிருக்கிறது. குளோப்பின் முற்றத்தில் நின்றவர் இந்தக் காட்சியைப் பார்த்திருந்தால், மொழி தெரியாமலே தம் நாடகத்தை அடையாளம் கண்டிருப்பார்.

கதவைத் திறந்தவர் ரோமன் பொலான்ஸ்கி. 1971இல் வந்த அவர் படத்தில் கேமரா மன்னனின் படுக்கையருகே போய் நின்றது. மன்னன் கண் விழிக்கிறான், கத்தி இறங்குகிறது, மகுடம் தரையில் உருள்கிறது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்புதான் அவருடைய கருவுற்ற மனைவி வீட்டில் வைத்துக் கொல்லப்பட்டிருந்தார்; அந்த இரத்தத்தை அதோடு சேர்த்தே பார்த்தார்கள் விமர்சகர்கள். அதன் பிறகு கர்செலும் உள்ளே போனார். 2021இல் ஜோயல் கோயனும் போனார். கோயன் வெளிப்புறத்தையே தவிர்த்து, ஸ்டுடியோவுக்குள் கறுப்பு வெள்ளையில், ஏறக்குறையச் சதுரமான சட்டகத்தில், மேடைக்கு மிக அருகில் வந்தவர். அவருக்கும் அந்தக் கதவை மூடி வைக்க மனம் வரவில்லை.

கொலையைப் பார்த்துவிட்டதால் நாம் இழந்தது கொலைக்கு முந்தைய தனிமொழியின் பலம் என்று எனக்குத் தோன்றுகிறது. அன்று நடிகர் மேடையின் விளிம்புக்கு வந்து, எதிரே நிற்கும் முகங்களைப் பார்த்தே தன் தயக்கத்தைச் சொன்னார். கேட்டவர்கள் விஷயம் தெரிந்தவர்களாக, பாதிக் கூட்டாளிகளாக ஆனார்கள். பொலான்ஸ்கியின் படத்தில் பல இடங்களில் உதடு அசையாமல் குரல் மட்டும் ஒலிக்கிறது. அவன் தனக்குள் பேசிக்கொள்கிறான், நாம் ஒட்டுக்கேட்கிறோம்.

கிடைத்ததும் சிறிதல்ல. 1606இல் மேக்பெத்தின் மனைவியாக நடித்தவன் ஒரு சிறுவன். பெண்கள் இங்கிலாந்தின் பொது மேடைகளில் ஏறியது 1660க்குப் பிறகுதான். நம்மூரிலும் பம்மல் சம்பந்த முதலியார் இதே நாடகத்தை 'மகபதி' என்று தமிழாக்கிய காலத்தில், அவருடைய சுகுண விலாச சபையில் ஸ்திரீபார்ட் போட்டவர்கள் ஆண்களே. மூலத்தில் அந்தப் பெண் பாதியில் ஒதுங்கிப்போகிறாள். தூக்கத்தில் நடக்கும் ஒரு காட்சி, பிறகு மேடைக்கு வெளியே மரணம், அவ்வளவுதான். விஷால் பரத்வாஜின் 'மக்பூல்' 2003இல் அவளைத் தபுவுக்குக் கொடுத்தது. மும்பை நிழலுலகத் தலைவனின் ஆசைநாயகி நிம்மி, அவனுடைய அடியாளான மக்பூலைக் காதலிக்கிறாள். கொலைக்கு அவளுக்கென்று சொந்தக் காரணம் இருக்கிறது. மக்பூலாக வரும் இர்ஃபான் கான் நீளமாக எதுவும் பேசுவதில்லை; தனிமொழி செய்த வேலையில் பாதியை அவர் கண்கள் செய்துவிடுகின்றன. 3,000 பேருக்கு நடுவே நடித்தவருக்கு அந்த வசதி இருந்ததில்லை.

மேக்பெத்துக்கு வருங்காலம் சொல்லும் சூனியக்காரிகளும் மாறிப்போனார்கள். 'மேக்பெத்' எழுதப்பட்டபோது ஆட்சியிலிருந்த ஜேம்ஸ் மன்னர் 1597இலேயே சூனியம் பற்றி நூல் எழுதியவர். 1604இன் சட்டம் அதற்கு மரண தண்டனை வைத்திருந்தது. மேடையில் வந்த மூவர் அன்றைய மக்களுக்குச் சட்டம் தேடும் ஆட்கள். 'மக்பூல்' படத்தில் அந்த இடத்தில் சட்டமே நிற்கிறது: ஓம் பூரியும் நசீருத்தீன் ஷாவும் ஜாதகக் கட்டம் போடும் இரண்டு போலீஸ்காரர்கள். 2021இல் திலீஷ் போத்தன் இயக்கிய மலையாளப் படமான 'ஜோஜி'யில் சூனியமே இல்லை. ரப்பர்த் தோட்டம், அப்பாவின் மாத்திரைகள், எல்லாம் தெரிந்தும் வாய் திறக்காத அண்ணி. அப்பா இறந்த அன்று மகன் ஜோஜியை மாஸ்க் போட்டுக்கொண்டு வெளியே வரச் சொல்கிறாள் அவள். கொரோனா காலத்தில் அதைவிடப் பொருத்தமான வேடம் அவனுக்குக் கிடைத்திருக்காது. அந்தப் படம் திரையரங்குக்கும் வரவில்லை, நேராக ஓடிடிக்கு வந்தது. நின்றபடி கூட்டத்தோடு பார்த்த கதையைப் பலர் படுத்தபடி போனில் தனியாகப் பார்த்தார்கள்.

திரையில் அதிகம் அடிபட்ட பாத்திரம் ஒன்று உண்டு: கொலை நடந்த கையோடு, கதவு தட்டப்படும்போது தள்ளாடி வரும் வாயில்காவலன். ஜேம்ஸ் மன்னரைக் கொல்லத் தீட்டிய 1605 வெடிமருந்துச் சதியின் வழக்கை நினைவூட்டும் கேலிகளை அவன் அவிழ்த்துவிடுவான். சிரிப்பு எழுவது மிகத் தவறான நேரத்தில். அதுதான் அதன் பயங்கரம். குரோசாவா அவனை விட்டுவிட்டார், கர்செலும் விட்டுவிட்டார். கோயன் வைத்துக்கொண்டார்.

2023 டிசம்பரில் லண்டனின் டோன்மார் வேர்ஹவுஸ் அரங்கில் டேவிட் டெனன்ட் மேக்பெத்தாக நடித்தார். இருக்கைகள் சுமார் 250. வந்தவர்கள் எல்லோருக்கும் ஹெட்போன். நடிகர் மைக்கில் கிசுகிசுப்பதைச் சினிமாவின் குளோசப் போல ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கேட்டார்கள். மேடை திரையிடம் கடன் வாங்கிய தந்திரம் அது. 2025இல் அந்த நாடகமே படம்பிடிக்கப்பட்டுத் திரையரங்குகளுக்கும் போனது. டோன்மாரில் வாயில்காவலன் வெட்டப்படவில்லை. கொலை முடிந்ததும் உள்ளே வந்து பார்வையாளர்களிடமே பேச்சுக் கொடுத்தான். காசு கொடுத்து வந்து காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டிருக்கிறவர்களை வம்புக்கு இழுத்தான்.