நெசவாளர் ஊரும் ஆள்களப் பெயரும்

அடையாற்றின் கரையில், பல்லாவரத்திலிருந்து குன்றத்தூர் செல்லும் வழியில் அமைந்துள்ள அனகாபுத்தூர், 2021ஆம் ஆண்டு தாம்பரம் மாநகராட்சியோடு இணைக்கப்பெற்றது. ஆயினும் அவ்வூரை ஊராக நிலைநிறுத்தியது தறியோசையே ஆகும். 'ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்ச்சீப்' என வணிகர் வழங்கிய கட்டம்போட்ட பருத்தித் துணி இங்கு நெய்யப்பெற்றுக் கடல்கடந்து நைஜீரியா வரை சென்றது. அந்நாட்டின் கலபாரி மக்கள் அதனை 'இன்ஜிரி' எனப் பெயரிட்டுப் போற்றினர். துணி உலகறிந்ததாயிற்று. அதற்கு மெட்ராஸ் என்னும் நகரின் பெயர் வாய்த்தது; நெய்த ஊரின் பெயரை வாங்கியவர் அறிந்திருக்க வாய்ப்பில்லை.

ஏற்றுமதி நலிந்த பின்னர், வாழைநாரும் சணலும் கலந்து சேலை நெய்யும் முயற்சியில் இவ்வூர் நெசவாளர் சிலர் தலைப்பட்டனர். இடைத்தரகரின்றித் தம் பெயரிலேயே உலகச் சந்தைக்குச் செல்லும் வழியொன்றை இணையம் அவர்களுக்குத் திறந்து வைத்துள்ளது. அவ்வழியின் முதற்படி 'டொமைன்' எனப் பேச்சு வழக்கில் கூறப்பெறும் ஆள்களப் பெயர். இப்பெயரைக் குறைந்த செலவில் பெறுவதும், வேண்டும்போது ஒரு நிறுவனத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுவதும் எங்ஙனம் என்பதை ஈண்டுக் காண்போம்.

இக்கட்டுரையை எழுதத் தூண்டியது ஒரு நிகழ்ச்சி. எமக்கு அறிமுகமான நெசவுக் குடும்பத்தார் தம் சேலைகளுக்காக ஓர் இணையத்தளம் அமைக்க விரும்பி, ஓர் இளைஞரிடம் பணம் தந்தனர். அவர் தளத்தைச் செவ்வனே அமைத்தார். ஆனால் பெயரைத் தம் பெயரிலேயே, தம் மின்னஞ்சல் முகவரியைத் தந்தே பதிந்துகொண்டார். தீய எண்ணம் இருந்ததாகக் கூறவியலாது. அதுவே அவருக்கு எளிதாயிருந்தது. மூன்றாண்டு கழிந்து அவர் அயல்நாடு சென்றார். புதுப்பிக்கக் கோரிய அறிவிப்புகள் யாவும் அவர்தம் பழைய மின்னஞ்சலுக்கே சென்று தேங்கின. பெயர் காலாவதியாயிற்று, வேறொருவர் அதனை எடுத்துக்கொண்டார். விலைச்சீட்டுகளிலும் பைகளிலும் அச்சிட்டிருந்த முகவரி ஒரே நாளில் பிறர் உடைமை ஆயிற்று.

பெயரும் எண்ணும்

இணையத்திலுள்ள ஒவ்வொரு கணினிக்கும் ஓர் எண்முகவரி உண்டு. எண்களை நினைவில் வைத்தல் மனிதர்க்கு அரிது. எனவே பெயரைச் சொன்னால் எண்ணைக் காட்டும் அமைப்பொன்றை அமெரிக்க அறிஞர் பால் மொக்கபெட்ரிஸ் 1983இல் வடிவமைத்தார். ஊர்ப்பெயர் சொன்னால் வழி காட்டுபவரைப் போன்றது அது. 1985 மார்ச்சு 15 அன்று 'சிம்பாலிக்ஸ்' என்னும் நிறுவனம் முதல் டாட் காம் பெயரைப் பதிந்தது.

தொடக்கத்தில் பதிவுக்குக் கட்டணமே இல்லை. 1995 செப்டம்பரில்தான் இரண்டாண்டுக்கு 100 டாலர் என்னும் கட்டணம் வந்தது. அக்காலத்தில் பதிவு செய்தது நெட்வொர்க் சொலூஷன்ஸ் என்னும் ஒரே நிறுவனம். 1998இல் ஐகான் என்னும் பொது அமைப்பு தோன்றி, 1999 முதல் பல நிறுவனங்களுக்குப் பதிவுரிமை வழங்கிற்று. போட்டி வந்தது, விலை இறங்கிற்று. இன்றைய மலிவுக்குக் காரணம் அப்போட்டியே.

இங்கு மூவரை வேறுபடுத்தி அறிதல் இன்றியமையாதது. ஒரு பின்னொட்டுக்குரிய பெயர்ப்பேரேட்டைக் காப்பது பதிவகம். மக்களிடம் பணம் பெற்று அப்பேரேட்டில் எழுதித் தருபவர் பதிவாளர். எவர் பெயரில் எழுதப்படுகிறதோ அவரே பதிவுரிமையாளர். நம் நெசவுக் குடும்பம் பணம் தந்தது. ஆனால் பதிவுரிமையாளராக அமையவில்லை. வீட்டுக்குப் பணம் தந்துவிட்டுப் பத்திரத்தைத் தரகர் பெயரில் எழுத விட்டது போன்ற நிலை இது. சார்பதிவாளர் அலுவலகத்தில் எவரும் இங்ஙனம் ஏமாறார். இணையத்தில் படித்தவரும் ஏமாறுகின்றனர்.

மற்றொன்று: ஆள்களப் பெயர் விலைக்கு வாங்கும் பொருளன்று, குத்தகை. டாட் காம் பெயரை ஒரே முறையில் மிகுதியாகப் பத்தாண்டுக்கே எடுக்கவியலும். அதன்பின்னும் புதுப்பித்துக்கொண்டே இருத்தல் வேண்டும்.

செலவு பற்றி

டாட் காம் பெயர்களின் பதிவகம் வெரிசைன். அது பதிவாளரிடம் பெறும் ஆண்டுக் கட்டணம் 2024 செப்டம்பர் முதல் 10.26 டாலர். இவ்வெண்ணை நினைவிற்கொண்டால் விளம்பரங்களின் உண்மை விளங்கும். முதலாண்டு நூறு ரூபாய் என்று ஒருவர் விற்பாராயின், அவர் கைப்பணத்தை இழந்தே விற்கிறார். இழந்ததை இரண்டாமாண்டு முதல் ஈடுசெய்துகொள்வார். ஆகவே வாங்குமுன் கேட்கவேண்டிய கேள்வி முதலாண்டு விலை என்ன என்பதன்று. புதுப்பிக்கும் விலை என்ன என்பதே. ஐந்தாண்டுக்கு மொத்தம் எவ்வளவு என்று தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்தால், மலிவாகத் தோன்றியது பலவேளைகளில் விலை மிகுந்ததாக முடியும்.

பெயரோடு சேர்த்து விற்கப்பெறும் பிற சரக்குகளும் உண்டு. பாதுகாப்புச் சான்றிதழ் என ஒன்றைப் பல ஆயிரம் ரூபாய்க்கு விற்பர். 'லெட்ஸ் என்கிரிப்ட்' என்னும் அறநோக்குச் சேவை 2015 இறுதியிலிருந்து அதனைக் கட்டணமின்றி அனைவர்க்கும் வழங்கி வருகிறது. சிறு வணிகர்க்கு அதுவே போதும்.

நம் நாட்டுக்குரிய டாட் இன் பின்னொட்டு 1989இல் வழங்கப்பெற்று, மும்பையிலிருந்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையத்தின் பொறுப்பில் இருந்தது. விதிகள் கடுமையாயிருந்தமையின் 2004 முடிய ஏறத்தாழ ஏழாயிரம் பெயர்களே பதிவாயின. 2005இல் நிக்சி எனப்படும் இந்தியத் தேசிய இணையப் பரிமாற்றகம் பொறுப்பேற்று அனைவர்க்கும் கதவைத் திறந்தது. இன்று அப்பெயர்கள் முப்பது இலட்சத்தைக் கடந்துள்ளன. தமிழ் எழுத்திலேயே அமையும் 'இந்தியா' என்னும் பின்னொட்டும் 2011இல் வேர்ப்பட்டியலில் இடம்பெற்றது. சிங்கப்பூரும் இலங்கையும் அவ்வாறே தமிழ்ப் பின்னொட்டுப் பெற்றுள்ளன என்பது நமக்கு மகிழ்ச்சி தருவதாகும். எனினும் தமிழ் முகவரி கொண்ட மின்னஞ்சலை ஏற்காத தளங்கள் இன்னும் உள்ளமையால், வணிகர் தமிழ்ப் பெயரைத் துணைப்பெயராகக் கொள்ளுதலே நன்று.

மாற்றும் முறை

பதிவாளரின் கட்டணம் ஏறினாலோ பணி திருப்தி அளிக்காவிடினோ பெயரை மற்றொரு பதிவாளரிடம் மாற்றிக்கொள்ளப் பதிவுரிமையாளர்க்கு உரிமை உண்டு. இவ்வுரிமையைப் பலர் அறியார். அறியாமையாலேயே ஆண்டுதோறும் மிகை செலுத்துவர்.

டாட் காம் பெயராயின், முதலில் பழைய பதிவாளரின் தளத்தில் நுழைந்து பெயர்மீதுள்ள பூட்டை நீக்குதல் வேண்டும். பின்னர் இசைவுக் குறியீட்டைக் கேட்டுப் பெறுதல் வேண்டும். கேட்ட ஐந்து நாளுக்குள் அதனைத் தருதல் பதிவாளரின் கடமை. இக்குறியீடு வீட்டுச் சாவி போன்றது, பிறரிடம் தரலாகாது. புதிய பதிவாளரிடம் அதனைக் கொடுத்து ஓராண்டுக் கட்டணம் செலுத்தினால், பழையவர் தக்க காரணமின்றித் தடுக்காதவிடத்து, ஐந்து நாளில் மாற்றம் நிறைவேறும். செலுத்திய ஓராண்டு, எஞ்சியுள்ள காலத்தோடு கூட்டப்பெறும். எனவே மாற்றுவதால் பணம் வீணாகிவிடும் என அஞ்ச வேண்டுவதில்லை.

சில தடைகளும் உள. புதிதாகப் பதிந்த பெயரையும் அண்மையில் மாற்றிய பெயரையும் 60 நாள் வரை மாற்றவியலாது. பதிவுரிமையாளரின் பெயரையோ மின்னஞ்சலையோ திருத்தினாலும் 60 நாள் பூட்டு விழக்கூடும். திருத்தமும் மாற்றமும் ஒருங்கே தேவைப்படுவோர் இதனை முன்னரே கேட்டறிக. முடிவுநாள் வரை காத்திராமல் ஒரு திங்களுக்கு முன்பே தொடங்குதல் அறிவுடைமை.

காலம் தவறினால் உடனே பெயர் பறிபோவதில்லை. பழைய கட்டணத்திலேயே மீட்கப் பதிவாளர் சில நாள் அவகாசம் தருவதுண்டு. அதன்பின் 30 நாள் மீட்புக்காலம் வரும். அப்போது தண்டத்தொகை பன்மடங்காகும். அதுவும் கடந்து ஐந்து நாளில் பெயர் பொதுவெளிக்கு வந்துவிடும். நம் நண்பர்கள் விவரம் அறிந்தபோது இவையனைத்தும் கடந்திருந்தன.

வழக்கு மன்றம் செல்லலாகாதா எனின், செல்லலாம். சென்னையைச் சேர்ந்த சத்யம் இன்போவே நிறுவனம் 'சிபி' என்னும் தன் பெயரை ஒட்டி, ஓரெழுத்தைக் கூட்டி 'சிப்பிநெட்' எனப் பதிந்தவர்மீது வழக்குத் தொடுத்தது. ஆள்களப் பெயர் வெறும் முகவரியன்று, வணிகச்சின்னம் போன்றே காக்கத்தக்கது என உச்சநீதிமன்றம் 2004 மே திங்களில் தீர்ப்பளித்தது. அரிய தீர்ப்புதான். ஆயினும் அந்நிறுவனம் ஏற்ற வழக்குச் செலவை இரு தறி வைத்திருப்போர் ஏற்கவியலுமா என்பது வேறு.

அக்குடும்பத்தார் வேறொரு பெயரை டாட் இன் பின்னொட்டில் பதிந்துள்ளனர். இம்முறை பதிவுரிமையாளர் குடும்பத் தலைவியே. மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் அவர் கையில். முடிவுநாள் தறிக்கூடத்து நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிடப்பெற்றுள்ளது. பழைய பைகள் இருநூறுக்கு மேல் எஞ்சியிருந்தன. அவற்றின்மீது புதிய முகவரியை ஒட்டும் வேலை நடந்துகொண்டிருக்கிறது.